கம்பி யார் காட்டு வழியாகப் போவது

அன்பு மகள் டார்லீனுக்கு அம்மா எழுதுவது. ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை, நானும் அப்பாவும் கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், வின்னிபெக்கில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. ஆஸ்பத்திரி வேலை என்று காப்பியாகக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. தோலுக்காக மிருகங்களுக்குப் பொறி வைக்க வடக்குக் குடிசைக்குப் போன அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார், நானும் வரச்சொல்லவில்லை. அங்கே இருக்கும்வரை அவர் பாட்டிலைத் தொடுவதில்லை, இது நான்காவது மாதம்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் மின்சாரக் கம்பெனிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாகத் தெற்கிலிருந்து கம்பி இழுக்கப் போகிறார்களாம், அதற்கு நம் ஊரோடு ஒப்பந்தம் வேண்டுமாம். மூஸ் மான் கறி சூப், வாணலி ரொட்டி, வாசலில் குலுக்கல் சீட்டு எல்லாம் இருந்ததால் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஊரே வந்துவிட்டது. வரைபடத்தை விரித்தால் கம்பி உன் யூனிஸ் சித்தியின் காட்டு வழியாகப் போகிறது. ஏரிக்குத் தெற்கே அவளுக்கு, வடக்கே எனக்கு என்று தாத்தா பிரித்துக் கொடுத்தாரே, அதில் அவள் பங்கு. அவ்வளவுதான், அவளுக்கு முன்வரிசை நாற்காலி. கம்பெனிப் பெண் ஒருத்தி குனிந்து குனிந்து, "இங்க மான் எந்த மாசம் கடக்கும்மா, நீங்கதான் சொல்லணும்" என்று அவளிடம் கேட்டு எழுதிக்கொள்கிறாள். எனக்குத் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. முயலுக்குக் கண்ணி வைக்கக்கூட அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். வயிறு எரிந்தது, பெற்ற மகளிடம் மறைப்பானேன். பக்கத்திலிருந்த ஓபேத் வேறு, "என்ன கெசியாக்கா, தங்கச்சி ராணியாட்டம் உக்காந்திருக்கா, உன் காட்ட பேப்பர்லயே காணோமே" என்று கிண்டினான்.

எழுந்துபோய் மைக்கை வாங்கினேன். "தெக்குப் பக்கம் பூரா சதுப்பு, கம்பம் நட்டா ஒரே வருசத்துல சாயும். எங்க வடக்குப் பக்கம் நல்ல பாறை, அந்த வழியா கொண்டுபோங்க" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். கம்பெனி இன்ஜினியருக்கு ஒரே சந்தோஷம், உடனே பென்சிலால் என் பக்கம் ஒரு கோடு இழுத்தார். கம்பியோடு லாரி போகிற பாதையும் வேலையாட்களுக்குத் தங்குமிடமும் வரும் என்றார். கோடு அப்பாவின் குடிசையை ஒட்டிக்கொண்டு போனது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை டார்லீன், யூனிஸ் முகம் வாடுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மெதுவாக எழுந்து, "அங்க வேண்டாங்க. ரோடு வந்தா கூடவே பாட்டிலும் வந்துரும். எங்க அத்தானுக்கு அந்த இடம் வேணும். என் பக்கமே போகட்டும், சதுப்பா இருந்தா சுத்திப் போங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஊருக்கே தெரிந்த விஷயம்தான், ஆனால் இதுவரை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்ஜினியர் ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தார்.

என் புருஷனை நான் மறந்துவிட்டு நின்றேன், அவள் நினைத்துக்கொண்டாள். வெட்கத்தில் செத்தேன், ஆனாலும் இதிலும் அவளே முந்திக்கொண்டாளே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைதான் வந்தது. வெளியே வந்தபோது, "அக்கா, வண்டில ஏறு, வழுக்குது" என்று கூப்பிட்டாள். நான் நடந்தே வந்தேன், இரண்டு தடவை விழுந்தேன். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, நீயும் சொல்லாதே.

இந்த ஒப்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்று ஜூனில் வாக்கெடுப்பு. வெளியூரில் இருப்பவர்களுக்குத் தபாலில் வாக்குச்சீட்டு அனுப்புவார்களாம், உன் புது முகவரியை ஊர் அலுவலகத்துக்கு எழுதிப்போட மறக்காதே. கர்த்தர் உன்னைக் கண்போலக் காக்கட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. கம்பி வந்தால், ஜெனரேட்டர் நின்றுபோய்ப் பள்ளிக்கூடத்தை மூடுகிற தொல்லை தீரும், சித்தியின் காடு இரண்டாகப் பிளக்கும். வேண்டும் என்று போடலாமென்றால், அவள் காடு போகட்டும் என்று போடுகிறேனோ என்றிருக்கிறது. வேண்டாம் என்று போடலாமென்றால், அவளுக்குக் கிடைக்கிற மரியாதை பொறுக்காமல் போடுகிறேனோ என்றிருக்கிறது. என் மனதை என்னாலேயே நம்ப முடியவில்லை. உனக்கு அவள்மேல் பொறாமை இல்லை, நீயாவது யோசித்துப் போடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா கெசியா