வரலாற்று வழிகாட்டியைத் திறந்தவர்கள்

மார்ச் 3, செவ்வாய்

கல்லூரி நூலகத்தின் இணையதளத்தில் துறைக்கொரு ஆய்வு வழிகாட்டிப் பக்கம் இருக்கிறது. மொத்தம் முப்பத்தெட்டு. இனி எல்லாம் ஒரே அமைப்பில் இருக்க வேண்டுமாம்: ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஆறு இணைப்பு. உத்தரவு தலைமை நூலகருடையது. என்னைவிட ஒன்பது வயது இளைய பெண்மணி. எனக்கு வரவேண்டிய நாற்காலி அது. அளவுகோல் என்று நான் வைத்த பெயர் அவருக்குத் தெரியாது.

என் வரலாற்று வழிகாட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு இணைப்புகள். பதினாறு வருட உழைப்பு.

"வெட்டித்தான் ஆகணுமா?"

"பசங்க தொலைஞ்சு போறாங்க சார்."

சார் என்று சொல்லியே குத்துவது ஒரு தனிக் கலை.

மார்ச் 5

வீட்டில் யாரும் இல்லாததில் ஒரு வசதி, சண்டையை ஒத்திகை பார்க்கலாம். குளியலறைக் கண்ணாடி முன் மூன்று முறை ஜெயித்தேன்.

மார்ச் 9, திங்கள்

கூட்டத்தில் துருப்புச்சீட்டை இறக்கினேன். சென்ற ஆண்டு அதிகம் பார்க்கப்பட்ட வழிகாட்டி என்னுடையதுதான். ஆயிரத்து நானூறு முறை! அளவுகோல் கணினிப் பிரிவுப் பெண்ணைப் பார்த்தார். அவள் மேசையைப் பார்த்தாள். "சரி சார், உங்க பக்கத்தைக் கடைசியா வெச்சுக்கலாம்."

ஜெயித்துவிட்டேன். இந்த எண்ணிக்கையைக் கல்லூரி முதல்வருக்கும் எழுதி அனுப்பப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

வெளியூரில் படிக்கும் மகளுக்கு ஃபோன் செய்தேன். "கிளாஸ்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்."

மார்ச் 10

கூப்பிடவில்லை.

மார்ச் 12, வியாழன்

கணினிப் பிரிவுப் பெண் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். முதல்வருக்கு அதை அனுப்பிடாதீங்க. ஆயிரத்து நானூறுல ஆயிரத்து முந்நூறு இந்த மெஷின்லேருந்துதான் வந்திருக்கு."

எந்த மெஷின்? இதோ, என் முழங்கைக்குப் பக்கத்தில் இருப்பது.

இணைப்புகள் வேலை செய்கின்றனவா என்று தினமும் காலையில் திறந்து பார்ப்பேன். மத்தியானமும். பேச ஆளில்லாத நாட்களில் இன்னும் சில முறை.

"மேடத்துக்குத் தெரியுமா?"

"முதல்லயே தெரியும். கூட்டத்துல சொல்ல வேணாம்னுட்டாங்க."

சொல்லியிருக்கலாமே! அந்த இடத்துல நான் இருந்திருந்தா — நாலு பேர் முன்னாடி, நிறுத்தி நிதானமா சொல்லியிருப்பேன். அதை நெனச்சாத்தான் ஆத்திரமா வருது.

மார்ச் 13

விடுப்பு. காய்ச்சல் என்று எழுதினேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 18, புதன்

மற்ற பக்கங்களைப் போல என் பக்கத்தையும் மாணவர்களை வைத்துச் சோதிக்கலாம் என்று நானே போய்ச் சொன்னேன். விதி ஒன்றுதான்: பக்கத்தை உருவாக்கியவர் பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது.

இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு துறைமுக வேலைநிறுத்தம் பற்றி அந்தக் காலத்துச் செய்தித்தாள் என்ன எழுதியது என்று கண்டுபிடிக்க வேண்டும். உருட்டினாள், உருட்டினாள், உருட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வேண்டியது நூற்று நாற்பதாவது இணைப்பு. 'முதன்மை மூலங்கள் — பருவ வெளியீடுகள்' என்ற தலைப்பின் கீழே. அதன் மேலேயே இரண்டு முறை போய் வந்தாள்.

நாலாவது நிமிடம் கையை எடுத்துவிட்டாள். "சாரி சார். எனக்குத்தான் மூளை பத்தல போல."

அவளுக்கா மூளை பத்தல? பதினாறு வருஷத்துல எத்தனை பேர் இப்படிச் சொல்லிக்கிட்டு எழுந்து போனாங்களோ.

ஏப்ரல் 2

வெட்டினேன். முப்பதில் கொண்டுவந்து நிறுத்த எட்டு நாள் ஆயிற்று. 'பருவ வெளியீடுகள்' இப்போது 'பழைய செய்தித்தாள்கள்.'

தலைமை நூலகர் எட்டிப் பார்த்தார். "இந்தத் தலைப்பு நல்லா இருக்கே. மத்த பக்கங்கள்லயும் இதையே போட்டுக்கலாமா சார்?"

தலையாட்டினேன். கூட்டத்தில் அவர் காட்டிய பெருந்தன்மைக்கு நன்றி சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 16, வியாழன்

மறு சோதனை. வேறொரு மாணவன், அதே கேள்வி. நாற்பது விநாடியில் செய்தித்தாளைத் திறந்துவிட்டான். பின்னால் ஓர் ஆள் இருப்பதையே மறந்து வாசிக்கத் தொடங்கினான்.

இனி வாய் திறக்கலாம்; சோதனை முடிந்தது, போகலாம் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கால் மணி நேரம் அவன் பக்கம் திருப்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.