டிரைவர்தான் கொலைகாரன்

ஜார்ஜ் டவுன்,
திங்கட்கிழமை

அன்பு மகள் ரூபினிக்கு,

அம்மா எழுதுகிறேன். பெர்த்தில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லலாம் என்றால் நம் சின்ன ஃப்ளாட்டில் அப்பா காதில் விழாத பேச்சே இல்லை. செய்தி தட்டி அனுப்பினால் நீ உடனே கூப்பிட்டுவிடுவாய். அதனால்தான் கடையில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் இருவரும் ஐந்து மாதமாக மறைத்து வைத்திருந்த கண் டாக்டரின் கடிதத்தை நேற்று அப்பாவிடம் வாசித்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்குக் கோபப்படாதே. இனி என்னால் முடியவில்லை.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. பார்வையற்றோர் சங்கத்தில் நேற்று மத்தியானம் ஒரு மர்மப் படம் போட்டார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டால் வசனம் இல்லாத இடங்களில் திரையில் நடப்பதை ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே வருகிறது. மூன்று வருடமாக அப்பாவுக்கு அந்தக் குரல் நான்தானே. சூலியா தெருத் துணிக்கடையில் நாள் முழுக்கத் துணி மடித்துவிட்டு வந்து, கதவைத் திறக்கிறான், கத்தியை எடுக்கிறான் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனது. பாதியில் கண் அசந்து, விட்ட இடத்தை என் கற்பனையால் நிரப்பியதும் உண்டு. ஒரு மத்தியானமாவது சும்மா உட்காரலாம் என்று சந்தோஷமாகத்தான் அவரை அழைத்துப் போனேன்.

படம் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, தீபாவளிக்கு நாங்கள் வீட்டில் பார்த்த அதே படம். அப்பாவுக்கு ஒரே குஷி. பக்கத்தில் ஹக்கீம் அண்ணன் இருந்தார், அவருக்கும் பார்வை இல்லை. அவரிடம், "டிரைவர்தான் கொலைகாரன் அண்ணே, இருந்து பாருங்க லா" என்று பெருமையடித்துக்கொண்டார். ரூபினி, கொன்றது டிரைவர் இல்லை. நோயாளிப் புருஷனுக்கு மருந்து கொடுக்கிற பெண்டாட்டி. அந்தக் கடைசிக் காட்சியில் வசனமே கிடையாது, வெறும் இசைதான். வீட்டில் அது ஓடியபோது அப்பாவின் மாத்திரையும் தண்ணீரும் என் கையில் இருந்தன. எந்த வாயால் சொல்வேன்? பழியைத் தூக்கி டிரைவர் தலையில் போட்டுவிட்டேன்.

நேற்று அந்தப் பெண்குரல் எதையும் ஒளிக்கவில்லை. ஹக்கீம் அண்ணன், "என்னா தம்பி, நீ வேற படம் பாத்தியா?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார், "வேற என்னல்லாம் மாத்துன, பிரமிளா?"

படங்களைத்தான் கேட்டார். ஆனால் என் கை கடிதம் இருந்த அலமாரிக்குப் போய்விட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் எழுதவே இல்லை, அது நான் சொன்ன பொய் என்றேன். இரண்டு கண்ணிலும் நரம்பு போய்விட்டது, இனி அறுவைச் சிகிச்சையால் பயன் இல்லை என்ற வரிகளை அழுதுகொண்டே வாசித்தேன். "மறுபடி வாசி. அந்தப் பொம்பள சொல்ற மாதிரி, அழாம வாசி" என்றார். வாசித்தேன்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டார். உனக்கும் தெரியும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அவர் நம்புவதற்கு வீட்டில் ஒருவராவது மிச்சம் இருக்கட்டும். இதுவும் பொய்தான், எனக்குத் தெரியும்.

இன்று காலை காப்பியைக் கையில் கொடுத்தபோது, "இப்ப உன் முகம் எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லு" என்றார். நல்லாத்தான் இருக்கு என்றேன். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். நான் வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டேன்.

ஒரு வாரமாவது லீவு போட்டு வா, கண்ணு. என் முகத்தை நீ பார்த்து அவரிடம் சொல். எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லிவிடு. நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர்மலை முருகன் உங்கள் இருவரையும் கண்போல் காக்கட்டும்.

உன் அம்மா,
பிரமிளா