ராகுகாலத்தில் பறந்த பிள்ளை

என் அன்பு மச்சான் நேசா,

நீ போன நாள் தொடக்கம் மனதுக்குள் உன்னோடு சண்டை பிடித்துக்கொண்டே இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தோடு அதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் தங்கச்சி சுகம். தினமும் உன் படத்துக்கு ஒரு பூ வைக்கிறாள். உன்னோடு கதைக்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிடுகிறாள். இதை ஊர்ப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். பருத்தித்துறையில் பாதிப் பேர் என்னை இன்னும் விசரன், பைத்தியக்காரன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

நானும் உன்னை அப்படித்தானே சொன்னேன்? சுவிஸ் மலைகளில் பறந்து பழகிய நீ, அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பு நினைவிருக்கிறதா?

"மச்சான், நான் விட்டிட்டுப் போற காசு முழுக்க எங்கடை பிள்ளையள் பறக்கிறதுக்குத்தான். பராகிளைடிங். அறக்கட்டளை ஒண்டு பதியச் சொல்லிப்போட்டன். தலைவர் நீ."

"விசரே உனக்கு? பள்ளிக்கூடத்துக்கு மேசை வாங்கிக் குடு. யாழ்ப்பாணத்தில மலை எங்கை கிடக்கு, ஏறிக் குதிக்கிறதுக்கு?"

"மணற்காட்டில மணல்மேடு கிடக்கு. கடல் காத்தும் கிடக்கு. அதுவே போதும்."

"நான் கயிறு விக்கிறவன். பறக்கிறதைப் பற்றி எனக்கென்னடா தெரியும்?"

நீ சிரித்தாய், சிரிப்போடு இருமலும் வந்தது. "உன்ரை கடையில ஒருநாள் நிண்டு பாத்தனான். நங்கூரத்துக்கு மெல்லிசுக் கயிறு கேட்டவனோடை சண்டை பிடிச்சு, தரமாட்டன் எண்டு திருப்பி அனுப்பினனி. பறக்கத் தெரிஞ்ச ஆக்களை எங்கையும் பிடிக்கலாம் மச்சான். 'இண்டைக்கு வேண்டாம்' எண்டு சொல்லுற ஆளைப் பிடிக்கிறதுதான் கஷ்டம்."

சாகப் போகிறவன் முகஸ்துதி சொல்கிறான் என்று நினைத்து, அந்தக் கடைசி வசனத்தை நான் காதில் வாங்கவே இல்லை. அது எனக்கான வேலை என்று விளங்கப் போன ஞாயிறு வரவேண்டியிருந்தது.

உன் பரசூட்டுகள் வந்து இறங்கின. ஊரில் எல்லோரும் அதைப் பரசூட் என்றுதான் சொல்கிறார்கள், நானும் திருத்தவில்லை. அதில் தொங்கும் கயிறுகளைத் தடவிப் பார்த்தேன். தையல் நூல் மாதிரி இருந்தன. மேலதிகமாக வந்த கயிறு ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய், கூரை வளையில் கட்டி, ஒரு சீமெந்துப் பையை முழு நாளும் தொங்கவிட்டேன். அறவில்லை. அன்றைக்குத்தான் உன் விளையாட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

பழக்குவதற்குப் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து செல்வராஜ் என்ற ஒருவரைப் பிடித்தோம். மலையில் வெள்ளைக்காரரோடு பறந்து பழகியவர். பொறுமைசாலி. அவரிடம் ஐந்து பேர் சேர்ந்தார்கள். அவர்களில் கெட்டிக்காரி தர்சினி. நம்முடைய பூமணியின் மகள். தகப்பன் வள்ளத்துக்கு என் கடையில்தான் கயிறு வாங்குகிறவர். மேட்டிலிருந்து பறக்காமல், கீழே மணலில் நின்று அந்தப் பரசூட் சீலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கவே ஆறு மாதம் பழகினாள். முறையான அனுமதி இல்லாமல் ஒருவரும் மேட்டிலிருந்து பறக்கக்கூடாது என்பது செல்வராஜின் கட்டளை.

அனுமதி தரவேண்டிய அதிகாரி கொழும்பிலிருந்து ஒரேயொரு நாள் வருவதாகச் சொன்னார். செல்வராஜ் பறப்பதை அவர் ஏற்கெனவே அறிவார். பழகிய பிள்ளை ஒன்று தன் முன்னிலையில் முதல் தடவை ஒழுங்காகப் பறந்து இறங்குவதைப் பார்க்கவேண்டும். பார்த்தால் கையெழுத்து. இல்லையென்றால் மறுபடி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. செல்வராஜ் அதுவரை வேலையில்லாமல் காத்திருக்க முடியாது; ஊருக்குத் திரும்பிவிடுவார். சொல்லப்போனால் உன் அறக்கட்டளையின் உயிர் அந்த ஒரு நாளில் தொங்கியது.

அந்த நாளை நான்தான் கெடுக்கப் பார்த்தேன், மச்சான். மறைக்கவில்லை.

புதுப் படகை இறக்கினால் நாங்கள் என்ன செய்வோம்? ஐயரிடம் நேரம் கேட்போம். கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, படகின் முன்பக்க அணியத்துக்கு மாலை போடுவோம். எனக்கு அதுதான் தெரியும். காலை ஒன்பது மணிக்கு நல்ல நேரம் குறித்து, ஊர்ப் பெரியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். செல்வராஜ் கீழே கடற்கரையில் காற்றுக்கொடியை நட்டுக்கொண்டிருந்த நேரம், மேட்டில் மடித்து வைத்திருந்த பரசூட்டுக்கு நான் பூசையை முடித்தேன். மாலையையும் திருஷ்டிக்கு ஒரு தேசிக்காயையும் கயிறுகள் சேரும் இடத்தில் வாழைநாரால் இறுக்கிக் கட்டினேன். யாரும் கேட்கவில்லை. தலைவர் அல்லவா?

விரிக்கும்போது மாலை சீலைக்கடியில் மறைந்துவிட்டது. தர்சினி தூக்கினாள். ஒரு பக்கம் எழும்பியது. மறு பக்கம் எழும்பவில்லை. ஈரச் சேலை மாதிரிச் சரிந்து, அவளை முழங்காலில் விழுத்தியது. நல்ல காலம், மணல்.

செல்வராஜ் ஓடிவந்து கயிறுகளைப் பிரித்தார். நாரும் செவ்வந்திப் பூவுமாகச் சிக்கிக் கிடந்தது.

"யாருங்க இதைக் கட்டினது?"

தர்சினி மணலைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஐயா, இது வள்ளமில்லை. அடுத்த முறை எனக்கு மாலையைப் போடுங்கோ, அதுக்குப் போடாதேங்கோ."

சிக்கெடுத்து முடிய அரை மணித்தியாலம் போனது. அதற்குள் காற்றுத் திரும்பிவிட்டது. கரையிலிருந்து கடலுக்கு அடித்தது; சீலை எழும்பக் காற்று எதிரே வரவேண்டும். பின்னாலிருந்து யாரோ சத்தம் போட்டார்: "முதலாளி, ஐயர் தந்த நேரம் முடியப்போகுது. கெதியா விடுங்கோ!" அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் செல்வராஜைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "காத்து முதுகுப் பக்கமா வருதுங்க. கஷ்டம்தான். நீங்க சொன்னா ஒரு தடவை பார்க்கலாம், ஐயா."

நீங்க சொன்னா! அந்தப் பொறுமைசாலி என் முகத்துக்காக வளைகிறார் என்று அப்போதுதான் விளங்கியது. குறித்த நேரத்தையும் கூடிய சனத்தையும் வைத்து, அவருடைய வாயை நானே கட்டிப்போட்டிருக்கிறேன். நங்கூரத்துக்கு மெல்லிசுக் கயிறு கேட்டு நின்றவன் இந்த முறை நான்தான்.

"வேண்டாம்" என்றேன். "காத்துச் சரிவராமல் ஒருத்தரும் பறக்கிறேல்லை. நேரம் போனால் போகட்டும்."

சனம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. அதிகாரியிடம் போய், மாலைவரைக்கும் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். பூமணி வீட்டில் நண்டுக் கறி என்று செல்வராஜ் இடையில் ஒரு வார்த்தை போட்டார். இரவு பஸ்ஸில் போகலாம் என்று முடிவாகியது. அதிகாரி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார், நேசா. எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை.

பின்னேரம் கொண்டல் காற்று எழும்பியது. கடலிலிருந்து நேராக, ஒரே சீராக, மேட்டின் நெஞ்சில் வந்து மோதியது. செல்வராஜின் முகம் அப்படியே மலர்ந்தது. "இதுதாங்க ஐயா, இதுதான்!" மணியைப் பார்த்தேன். நாலரை. ஞாயிற்றுக்கிழமை. ராகுகாலம் தொடங்குகிறது.

உனக்குத் தெரியும், என் கடையில் ராகுகாலத்தில் ஒரு கயிற்றுக்கட்டைக்கூட அவிழ்த்ததில்லை. பெற்றவளிடம் மறைப்பது சரியில்லை என்று பூமணியிடம் போய்ச் சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் முதலாளி, இவளின்ரை அப்பர் கடலுக்குப் போறது பஞ்சாங்கத்தைப் பாத்தோ, காத்தைப் பாத்தோ? காலமை உங்கடை நல்ல நேரத்திலதானே பிள்ளை முழங்காலில விழுந்தது?" பிறகு மேட்டைப் பார்த்துக் கத்தினாள்: "போ பிள்ளை! காத்து நல்லா வரேக்கை போ!"

தர்சினி நாலு எட்டுத்தான் வைத்தாள். ஐந்தாவது எட்டுக்குத் தரை இல்லை.

சத்தமே இல்லை, மச்சான். நான் ஏதோ இரைச்சல் வருமென்று நினைத்திருந்தேன். மேட்டோரமாக அங்கால் போனாள். திரும்பி எங்கள் தலைக்கு மேலால் வந்தாள். ஒரு சோடா குடித்து முடிக்கிற நேரம் இருக்கும். மேலிருந்து குரல் மட்டும் வந்தது. "அம்மா! அப்பான்ரை வள்ளம் தெரியுது!"

"வள்ளத்தை விட்டிட்டுக் காத்தைப் பாரடி!" என்றாள் பூமணி. சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

கீழே ஈரமணலில் நின்றபடியே இறங்கினாள். அதிகாரி அங்கேயே, செல்வராஜின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நீ இதைத்தான் பார்த்தாயா, அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டு? மலைதேசத்தில் பறந்து திரிந்த உனக்கு இந்தச் சின்ன மணல்மேடு எப்படி ஞாபகத்தில் நின்றது?

இப்போது இன்னும் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். என்னையும் இரட்டை இருக்கையில் ஏற்றலாமா என்று செல்வராஜிடம் கேட்டேன். என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் பார்ப்போங்க" என்றார். அவரும் வேண்டாம் என்று சொல்லப் பழகிவிட்டார். எனக்கு அது நல்ல சந்தோஷம்.

மாலை இனி உன் படத்துக்கு மட்டும்தான். பஞ்சாங்கம் கடையில் இருக்கும், மேட்டுக்கு வராது. யார் வந்து நின்றாலும், என்ன அவசரமென்றாலும், காற்றுச் சரியில்லாத நாளில் "இண்டைக்கு வேண்டாம்" என்று சொல்ல அந்த மேட்டில் ஒருவன் நிற்பான். நீ பிடித்துவிட்ட ஆள்தான், விட்டுப் போகமாட்டான்.

உன் தங்கச்சியின் புருஷன், இன்னும் தரையில் நிற்கிற உன்ரை மச்சான்