எலும்பில் பட்டு ஒடிந்த அம்பு முனை

மத்திகிரி
கார்த்திகை 9

அன்புள்ள மகன் ஜெகதீஷுக்கு, அம்மா எழுதுவது. மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் படுக்கையில் விழாமல் நடமாடுகிறோம். அங்கே அந்தக் குளிரில் நீயும் மோகனப்ரியாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று திங்கள்தோறும் விளக்குப் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை, அதனால்தான் காகிதம். இங்கே மழை விட்டபாடில்லை, பாகலூர் ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள், டவுன் பஸ் சுற்றிக்கொண்டு போகிறது. பக்கத்து வீட்டுச் சாந்தம்மா, உங்க பையன் அமெரிக்காவுல இன்னும் என்னம்மா பண்றான், வீட்டையே மறந்துட்டானா என்று கேட்டாள். வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். நீ காட்டுக்குள் மரத்தின்மேல் வில்லோடு உட்கார்ந்திருக்கிறாய் என்று எப்படிச் சொல்வது.

ஜூன் பதினாலாம் தேதி நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன், நினைவிலிருந்து அல்ல. உன் மச்சினன் கல்யாணத்துக்கு வந்திருந்தாய். அம்பு முனை ஆறு, ஒவ்வொன்றிலும் வெட்டுகிற அலகு இரண்டு, ஒரு பக்கம் மட்டும் சாணை, ஒன்று பதிமூன்று கிராம் என்று நீ சொல்லச் சொல்ல நான்தான் குறித்துக்கொண்டேன். கடையில் மூன்று அலகும் கிடைக்கும், பட்டதும் விரிகிறதும் கிடைக்கும், ஆனால் மரவில்லுக்கு வேகம் கம்மி, அதற்கு இரண்டு அலகுதான் ஆழமாகப் போகும் என்று சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினாய். எதற்குள் போகவேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்பாதான், எதுக்கு கண்ணு இது என்று கேட்டார். போட்டிக்குப்பா, தெர்மோகோல் பலகையில அடிக்கிறது என்றாய். அதுவும் நோட்டில் இருக்கிறது.

அப்பாவோடு வேலை பார்த்த ஆனந்தராஜின் பட்டறை ஷெட்டில் நாலு நாள் நின்று பழைய கட்டர் இரும்பில் அப்பா செய்தார். போட்டி என்றால் கூர் மழுங்கக்கூடாது என்று இரும்பை முடிந்தமட்டும் கடினமாக வைத்தார். இவ்வளவு கடினம் வெச்சா ஒடிஞ்சிராதாண்ணா என்று ஆனந்தராஜ் கேட்டதற்கு, தெர்மோகோல் என்ன திருப்பியா அடிக்கப்போகுது தம்பி என்று சிரித்தாராம். ஆறும் ஒரே எடை. துணிகளுக்கு நடுவே பெட்டியில் வைத்து எடுத்துப்போனாய்.

ஐப்பசிக் கிருத்திகை அன்று நான் விரதத்தில் இருக்கும்போது ஒடிந்த முனையின் போட்டோவும் உன் குரலும் வந்தன. அப்பா பீஸ் சொதப்பிடுச்சும்மா, தோள் எலும்புல பட்டதும் முனை போயிடுச்சு, மான் அடியோட சதுப்புக்குள்ள ஓடிடுச்சு, ரெண்டு நாள் தேடியும் கிடைக்கல, இந்த சீசனே வேஸ்ட் என்றாய். முப்பத்தெட்டு வருஷம் கிரைண்டிங் சத்தத்தில் நின்ற அப்பாவின் காதுக்கு உன் குரல் எட்டவில்லை. எலும்பில் பட்டதாம் என்று நான்தான் கத்திச் சொன்னேன். தெர்மோகோல்ல ஏது ஜோதி எலும்பு என்றார். போட்டோவைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, வேட்டைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடினத்தைப் பத்து பாயிண்ட் இறக்கியிருப்பேனே, வளைஞ்சிருக்கும், ஒடிஞ்சிருக்காது என்றார். பிறகு, மான் கிடைச்சுதாமா என்று கேட்டார்.

கிடைத்துவிட்டது என்று சொன்னேன். விரத நாளில், எரிகிற விளக்குக்கு முன்னால் நின்று சொன்னேன். எவ்வளவு நேரத்துல என்றார். உடனே என்றேன்.

அங்கே சட்டம் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது என்பாய். இருக்கட்டும், ஊரில் கறி தின்கிறவர்களை நான் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. அந்த ஜீவன் துடிக்காமல் போகவேண்டும் என்றுதான் இவ்வளவு பார்த்து முனை பொறுக்குவதாக மோகனப்ரியாவிடம் சொன்னாயாம். அலகு பார்த்தாய், எடை பார்த்தாய், சாணை பார்த்தாய். செய்கிறவரிடம் உண்மையைச் சொல்ல மட்டும் உனக்கு வாய் வரவில்லை. கோபித்துக்கொள்வார் என்று பயந்தாயா, இல்லை, கிழவருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தாயா? முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் கையிலிருந்து போன ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகி வந்ததில்லை. இப்போது, முதல் ரிஜெக்ட் என் பையன்கிட்டேயிருந்தே வந்துருச்சு என்று ஆனந்தராஜிடம் சொல்லியிருக்கிறார். உன் தப்பைத் தன் தப்பு என்று தலையில் போட்டுக்கொண்டு போன வாரம் மறுபடி ஷெட்டுக்குப் போய் மூன்று செய்தார். கறிக்கடையில் தோள் எலும்பு வாங்கி வந்து, என் துளசி மாடத்துக்குப் பத்தடியில் வைத்து, சுத்தியலால் முனையை அதற்குள் அடித்துப் பார்த்தார். ஏனுங்க, இந்த வீட்டிலா என்று கத்தினேன். ஒடியல பாரு ஜோதி என்று கையில் எடுத்துக் காட்டினார். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

மார்கழியில் உன் மாமியார் அங்கே வருகிறார்களே, அவர்களிடம் கொடுத்துவிடச் சொன்னார். நான் கொடுக்கவில்லை, பீரோவில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை இடது காதில்தான் வைப்பார், சத்தமாகப் பேசு. வேட்டைக்குத்தான் கேட்டேன், மறைத்தேன், உங்கள் வேலையில் குறையில்லை என்று உன் வாயால் சொல். அதற்குப் பிறகு அந்த மூன்றையும் அவர் கொடுத்தாலும் சரி, உடைத்துப் போட்டாலும் சரி, அவர் இஷ்டம்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் தீர்க்காயுசாக இருக்க ஈஸ்வரன் துணையிருக்கட்டும். காதை மூடிக் குல்லா போட்டுக்கொள். அப்பா மானைப் பற்றிக் கட்டாயம் கேட்பார். கிடைத்தது என்றே சொல். உடனே கிடைத்தது என்று சொல்.

இப்படிக்கு,
அம்மா ஜோதிமணி