ஆத்தா கோயில் விளக்கு

1951 ஏப்ரல் 9

ரப்பர் தோட்டத்து வேலி விளக்குகள் எரிந்தும் பூச்சி ஒன்றையும் காணோம். அவை வருவதற்குள் அப்பா அணைத்துவிட்டார். மறுபடி போட்டார், துரை பங்களாவையும் சேர்த்து. பிறகு பங்களா இல்லாமல், தண்ணீர்ப் பம்பை மட்டும் சேர்த்து. பள்ளியை விட்டதிலிருந்து அப்பா கரண்டு இஞ்சின் ஓட்டும் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோவது நான்தான். தினமும் போடுகிற மாதிரி ஒருதரம் போட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டேன்.

“தினம் போடுற மாதிரி போட்டா எரியத்தாம்மா செய்யும். யாரும் போடாத மாதிரியும் போட்டுப் பாக்கணும். எது எதோட சேந்தா இஞ்சின் படுத்துக்கும்னு இப்பவே தெரியணும். காட்டுல ஒளிஞ்சு சண்டை போடுற காட்டுக்காரன் துப்பாக்கியோட வேலிகிட்ட நிக்கிறப்ப தெரிஞ்சு என்ன லாபம்?”

ஏப்ரல் 12

கோயிலுக்குத் தலைவர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் இருசப்பன்தான். அப்பா அவரிடம் கேட்டார்: “திருவிழாவுக்குப் போடுற கோயில் வெளக்கும் பம்பும் சேந்தா வேலி அணைஞ்சிடும்னு தோணுதுண்ணே. ஒருக்கா போட்டுப் பாத்துடுவோம்.”

“பூசைக்கு முன்னால சாமி வெளக்கையா? ஆத்தாளுக்கே பரீட்சை வைக்கிறியா, நல்லசாமி?”

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்த ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

ஏப்ரல் 20

திருவிழா. கோயில் விளக்குகள் எரிந்தன. பொங்கலுக்குத் தண்ணீர் போதவில்லை என்று யாரோ பம்பைப் போட்டார்கள். இஞ்சின் படுத்துக்கொண்டது. வேலி முழுக்க இருட்டு. அப்பா இஞ்சினைக் கிளப்புவதற்குள் காட்டுக்காரர்கள் கம்பியை அறுத்து, ஸ்டோர் அரிசியை எடுத்துப் போய்விட்டார்கள்.

ஏப்ரல் 21

அப்பாவைப் போலீஸ் பிடித்துப்போனது. காட்டுக்காரர்களுக்காக வேண்டுமென்றே அணைத்தாராம். அப்பாவா?

ஏப்ரல் 23

அம்மா பால் வெட்டப் போயிருந்தபோது இன்ஸ்பெக்டர் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். தமிழர்தான். யாரிடமும் பேசாத நான் பேசினேன்.

“அப்பா அணைக்கல சார். சேத்துப் போட்டா அணைஞ்சிடும்னு மண்டோர்கிட்ட அப்பவே சொன்னாரு.”

“அப்போ, முன்னாடியே தெரியும் அவனுக்கு?”

“தெரியும் சார்.”

இன்னொரு முறை கேட்டார். இன்னும் உரக்கச் சொன்னேன்.

“நல்லா பேசுறியே பாப்பா” என்றார்.

ஏப்ரல் 24

அப்பா வந்துவிடுவார். உலையில் அரிசி கூடுதலாகப் போட்டேன்.

ஏப்ரல் 28

வழக்கு கிடையாதாம். அப்படியே தடுப்புக் கேம்பில் அடைத்து வைப்பார்களாம். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வந்து சொன்னார்: “அணையும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்கம்மா. அதுதான் மாட்டிவிட்டுடுச்சு.”

தெரிந்ததால்தானே போட்டுப் பார்க்கக் கேட்டார்? ஐயோ, இத நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?

“எந்தப் பாவி சொன்னான்?” என்றாள் அம்மா. பிறகு அவளே சொன்னாள்: “இருசப்பன்தான். வேற யாரு?”

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 2

வேலை விட்டு வந்ததும் அம்மா மண்டோர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். “என் தாலிய அறுத்தவன் குடும்பம் வெளங்குமா!” லயமே கூடி நின்றது. மண்டோர் வெளியே வரவில்லை.

நான் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். இன்ஸ்பெக்டரிடம் சொன்னதை, எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன்.