கடைசிச் சனிக்கிழமைப் பாடம்

அக்கா,

முந்தாநாள் பகவதி ஒரு ரோஸ் நிற நோட்டீசைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அச்சு மை வாசனை இன்னும் போகவில்லை. மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் ஒரே சங்கதி. குடும்பப் பெண்களுக்குப் பணத்தைப் பேணும் முறை கற்பிக்கப்படும், மூன்று மாத வகுப்பு, பீஸ் ரூபாய் பதினைந்து, முன்னதாகவே கட்ட வேண்டியது, கட்டியது திரும்பத் தரப்பட மாட்டாது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு உங்கள் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

"அம்மே, இவ்வளவு ரூபா கெட்டிப் போறதுல வல்ல காரியமும் உண்டா?" என்று கேட்டாள் பகவதி. "பெரியம்மையும் போனாங்கல்லா. என்ன கிட்டிச்சு? உள்ளதும் போச்சு. பைசா வெறுதே போயிருமோன்னு பேடியா இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். உங்களைப் பற்றி அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சுட்டது. அதைவிட, அப்படியே அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியதே, அது இன்னும் சுட்டது. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு அந்தப் புத்தி விடவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அக்கா. உங்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீங்கள் முதலில் வந்தீர்கள், தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு நாலு வருஷம் கழித்து நான் வந்தேன். நான் கொண்டுவந்தது நாற்பது பவுன், நீங்கள் எட்டு. சாலைச் சந்தையில் நம் மிளகாய், மல்லிக் கடை என் அப்பா கொடுத்த பணத்தில்தான் இரண்டாவது அறைக்கும் விரிந்தது. ஆனால் வீட்டில் எது வேண்டுமென்றாலும் கேட்பது உங்களைத்தான். என் வீட்டுக்காரரே, "மைனியிட்ட ஒரு வாக்கு கேட்டுக்கோ" என்பார். நான் பெற்ற பகவதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னைத் தாண்டிக்கொண்டு உங்களிடம் ஓடுவாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நீங்கள் வகுப்பில் சேர்ந்த அந்தத் தீபாவளிக்கு நம் இருவருக்கும் பிறந்த வீட்டிலிருந்து பணம் வந்தது. நான் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு பட்டு எடுத்தேன். நீங்கள் பன்னிரண்டு ரூபாயைக் கொண்டுபோய் டீச்சரம்மாவிடம் கட்டிவிட்டு வந்தீர்கள். பழவங்காடிக்கு அப்பால், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மா, வியாழக்கிழமை லேஸ் பின்னவும் சனிக்கிழமை பணம் பேணவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ரூபாய் என்பது நம் கடைக் கணக்கப்பிள்ளைக்கு அரை மாதச் சம்பளத்துக்கு மேலே.

"காசு எண்ணுறதுக்குக் காசு குடுத்துப் படிக்கணுமாக்கும்?" என்று நான் கேட்டேன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"எண்ணுறதுக்கு இல்லட்டி சின்னவளே," என்றீர்கள். "எண்ணினது எங்க போகுதுன்னு பாக்கறதுக்கு."

பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நான் கோயிலுக்குப் போனேன். தெருவில் ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. குடையும் நோட்டுமாகச் சனிக்கிழமை நீங்கள் நடந்து போனதைத்தான் மறுநாள் எல்லாரும் பேசினார்கள்.

அந்த எட்டுக் காசு விஷயம் ஞாபகம் இருக்கிறதா? பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். சில்லறை மாற்றும்போது கடைக்காரர்கள் இருபத்தெட்டாகவே கணக்குப் பண்ணிவிடுவார்கள். மிச்சம் அரைச் சக்கரம், எட்டுக் காசு, அவர்கள் பெட்டியில் விழும். வகுப்பில் முதல் பாடமே அதுதானாம். சாலையில் காய்கறிக் கடையில் நின்று, "அண்ணாச்சி, அந்த எட்டுக் காசு?" என்று நீங்கள் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்துகொண்டே எடுத்துத் தந்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மறுநாள் தனியாகப் போய் வெற்றிலைக்காரியிடம் நானும் கேட்டேன். நான் நீட்டியது பிரிட்டிஷ் ரூபாய் இல்லை, நம் ராஜ்யத்துச் சர்க்கார் அரை ரூபாய் இரண்டு. அதற்கு இருபத்தெட்டுச் சக்கரம்தான், காசு ஒன்றும் கூடாது. "எந்தாம்மே, கணக்கு அறியில்லே?" என்று அவள் சந்தை முழுக்கக் கேட்கச் சிரித்தாள். உங்களிடம் நான் அதைச் சொல்லவே இல்லை. இப்போது சிரித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்தில் நீங்கள் ஆளே மாறிவிட்டீர்கள். மாசம் பிறந்த அன்றைக்கே ஒரு பங்கை எடுத்து ஒதுக்கிவிடுவீர்கள். அதுவரை அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் கிடந்த பணத்தையெல்லாம் திரட்டி, பூட்டி வைத்த பணம் வளராது என்று டீச்சரம்மா சொன்னதாகச் சொல்லி, அஞ்சலாபீஸ் சேமிப்பில் போடச் சொல்லிப் உங்கள் வீட்டுக்காரர் பெரியவர் கையில் கொடுத்தீர்கள். அவர் போட்டார், அவர் பேரில். அப்போது எல்லா வீட்டிலும் அதுதானே வழக்கம். பத்து வருஷமாய்ச் சேர்த்த நானூறு ரூபாய். அந்தப் பணத்தில் கரமனைப் பக்கம் ஐந்து சென்ட் பூமி வாங்கி, நாலு தென்னை வைக்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை. பிள்ளை இல்லாத எனக்கு நாளைக்கு ஒரு நிழல் வேண்டாமா என்று ஒரு தடவை என்னிடம் கேட்டீர்கள். வேறு யாரிடமும் நீங்கள் அதைச் சொன்னதில்லை.

நான் செய்ததை இப்போது எழுதுகிறேன்.

சாலையில் ஒரு கடைக்குச் சரக்கு வருவது பேரை நம்பித்தான். பெயரில் ஒரு கீறல் விழுந்தால் மறுநாள் வண்டி வாசலில் நிற்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் என் வீட்டுக்காரரிடம் சாப்பாடு பரிமாறும்போது சொன்னேன்: "கடைக்கு ஏதோ பணமுட்டு போலிருக்கு, அதான் வீட்டுப் பொம்பளை கணக்குப் படிக்கப் போறான்னு பழவங்காடியில பேசிக்கிடுதாங்க." ஒருத்தரும் பேசவில்லை, அக்கா. நான்தான் பேசினேன். அவர் அண்ணனிடம் சொன்னார். பெரியவர் அன்று சாயங்காலமே உங்கள் குடையை வாங்கி மேலே மாட்டிவிட்டார். இரண்டு மாதம் முடிந்திருந்தது, ஒரு மாதம் பாக்கி.

நீங்கள் அழவில்லை. மறுநாள் என்னைக் கூப்பிட்டீர்கள். "கெட்டின ரூபா திரிச்சுத் தரமாட்டாங்க. அதை வெறுதே விடாண்டாம். நீ போ. லேஸ் பின்னப் போறேன்னு சொல்லு, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லித் தா, போதும்."

யாரால் வகுப்பு நின்றதோ அவளிடமே கேட்டீர்கள். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாக இருந்தது. உங்கள் நாற்காலியில், உங்கள் பணத்தில், நான் உட்காரப் போகிறேன் என்ற சந்தோஷம்.

முதல் சனிக்கிழமை வட்டி. நூறு ரூபாய்க்குப் பத்திரம் எழுதி முதல் மாத வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறவன் உண்மையில் எவ்வளவு வட்டி வாங்குகிறான் என்று டீச்சரம்மா கரும்பலகையில் போட்டுக்காட்டினார்கள். பக்கத்தில் இருந்த நர்சுக்குப் புரிந்தது, வக்கீல் வீட்டு அம்மாளுக்குப் புரிந்தது. எனக்கு அரைகுறை. வீட்டுக்கு வந்து அந்த அரைகுறையை உங்களிடம் ஒப்பித்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்ட நீங்கள், நான் விட்ட பாதியையும் நீங்களே சேர்த்து, "அப்போ நம்ம சிட்டிச் சீட்டுல முதல்ல தள்ளிக் குடுத்து ஏலம் எடுக்கிறவளுக்கும் இதே கதைதான்" என்றீர்கள். வகுப்பில் ஒருத்திக்கும் தோன்றாதது அது. இரண்டாவது சனிக்கிழமையும் அப்படித்தான், மூன்றாவதும் அப்படித்தான். நேரில் உட்கார்ந்து கேட்டவள் நான், எனக்கு விளக்கிச் சொன்னது நீங்கள். கல் பொறுக்கிக்கொண்டே!

கடைசிச் சனிக்கிழமை டீச்சரம்மா பலகையில் ஒன்றும் எழுதவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்கள்: "சேத்த பணம் யாரு பேர்ல இருக்கோ, அவங்க கடனுக்கு அது பதில் சொல்லணும். ஜாமீன் நின்னாலும் கடன் கடன்தான். உங்க சம்பாத்தியம் உங்க பேர்ல இருக்கட்டும். வீட்டுக்காரரை நம்பாம இல்ல, வீட்டுக்காரர் நம்புற ஆளுகளை நமக்குத் தெரியாதுல்லா."

இது மட்டும் எனக்கு ஒரு தடவையிலேயே புரிந்தது. திங்கட்கிழமை டீச்சரம்மாவையே துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் என் பேரில் சேமிப்புப் புத்தகம் போட்டுவிட்டேன்.

அதற்கு முன், அந்தக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் வாசல் வரை வந்து நின்றீர்கள். "என்ன சொன்னாங்கட்டி?"

"ஒண்ணும் இல்லக்கா. பழசையே திருப்பிச் சொன்னாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? உங்கள் பணம் போக வேண்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக. எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியாதது ஒன்றாவது இருக்கட்டும் என்று இருந்தது. ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்றும் இருந்தது. ஒரு வாரம் ஒரு மாதமானது. பிறகு ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

எட்டு மாதம் கழித்து, பெரியவர் யாருக்கோ ஜாமீன் நின்றது தெரியவந்தது. தேங்காய் எண்ணெய் வியாபாரம் செய்த சிநேகிதர். அந்த ஆள் கொல்லத்துக்குப் போய்த் திரும்பவில்லை. கோர்ட் ஆமீன் காலையில் ஜப்திக்கு வந்து, பெரியவர் பேரில் இருந்ததையெல்லாம் எழுதிக்கொண்டார். அதில் அந்த நானூறும் போனது. "அது என் பணம்லா" என்று நீங்கள் ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். ஆமீன் நல்ல மனுஷர்தான். "பேர் வேற ஆளுடேதல்லே, அம்மா" என்றார்.

நீங்கள் வகுப்புக்கே போகாமல் இருந்திருந்தால் அந்தப் பணம் கடுகு டப்பாவிலேயே இருந்திருக்கும். ஒருத்தரும் எடுத்திருக்க மாட்டார்கள். பகவதி சொல்வதில் பாதி சரிதான், அக்கா. பாதிப் பாடம் உங்களைக் கெடுத்தது. மிச்சப் பாதி என்னிடம் இருந்தது.

பிறகு நான் உங்களுக்குக் கொடுக்கப் பார்த்தேன். ஐம்பது ரூபாய், நாலு பேர் இருக்கும்போது. நீங்கள் கேட்டு நான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "இருக்கட்டும்டி, பகவதிக்கு வை" என்று சொல்லிவிட்டு மிளகாய் காயப்போடப் போய்விட்டீர்கள். டைபாய்டில் கிடந்து போய்ச் சேர்ந்த அந்தக் கடைசி இருபது நாளிலும் ஒரு சக்கரம் கேட்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நேற்றுக் காலையில் டீச்சரம்மாவைப் பார்க்கப் போனேன். இந்த நோட்டீஸ்காரர்கள் யோக்கியமானவர்கள்தானா என்று விசாரிக்கத்தான் போனேன். அவர்களுக்குக் கண் மங்கிவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. நோட்டீசை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "போகட்டும். ஆனா முழுசும் போகட்டும். இடையில நிறுத்தறதுக்கு இருந்தா கெட்டவே வேண்டாம்னு பிள்ளையிட்ட சொல்லுங்க" என்றார்கள். அதோடு எழுந்து வந்திருக்கலாம். காப்பி கொண்டுவந்தார்கள், உட்கார்ந்தேன்.

"உங்க ஓரகத்தி ஒருக்க இங்க வந்தாங்க," என்றார்கள். "ஜப்தி முடிஞ்ச மறுவாரம். கடைசி நாள் என்ன பாடம்னு கேட்டாங்க. சொன்னேன். எனக்கு மனசு கேக்கல. 'உங்க வீட்டுச் சின்னவ வந்து சொல்லலியா'ன்னு கேட்டுட்டேன்."

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"'சொன்னா டீச்சர். அன்னைக்கே சொன்னா. நான்தான் காதுல போட்டுக்கிடல'ன்னாங்க. பாவம். நீங்க வருத்தப்படாதீங்க. சொன்னதை எல்லாரும் கேக்கவா செய்யுதாங்க?"

அப்படியென்றால் நான் மறைத்தது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ஐந்து வருஷம் என்னோடு ஒரே அடுப்பில் சமைத்தீர்கள். பகவதி கல்யாணத்தில் எனக்கு முன்னால் நின்று விருந்து பரிமாறினீர்கள். ஒரு முகச்சுளிப்பு இல்லை.

டீச்சரம்மாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஆனால் இன்று மத்தியானம் பகவதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வெற்றிலைக்காரியில் தொடங்கி. பதினைந்து ரூபாயையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் அழுதாள். பெரியம்மை, பெரியம்மை என்று அழுதாள். பெற்றவள் எதிரில் உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கிறேன், அவள் உங்களுக்காக அழுகிறாள்.

எனக்கு வயிறு எரிந்தது, அக்கா. அவள் அழுததற்காக மட்டும் இல்லை. 'அன்னைக்கே சொன்னா' என்று டீச்சரம்மாவிடம் சொன்னீர்களே, அந்த வார்த்தை எந்த வகுப்பில் எவ்வளவு கட்டிப் படித்திருந்தாலும் எனக்கு வந்திருக்காது.