மேல்படுக்கை காலி

திருத்துறைப்பூண்டி
12-8-1972

சௌபாக்கியவதி அம்சவல்லிக்கு ஆசீர்வாதம்.

இங்கு நானும் மாடுகளும் நலம். வேறு எதுவும் நலமில்லை.

துரைராசு உனக்கும் எழுதியிருப்பான். மருமகளுக்கு ஐப்பசியில் பிரசவமாம். அப்பாவும் அம்மாவும் ஒன்றாக வரவேண்டும், தனித்தனியாக வருவதானால் வரவே வேண்டாம் என்கிறான். சிங்கப்பூர் போனதிலிருந்து பையனுக்கு உத்தரவு போட வருகிறது.

நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏஜெண்டு நெய்னா முகம்மதுவைப் பார்த்தேன். கப்பலின் படத்தை மேஜையில் விரித்து, "நடுவுல, கீழ்த்தட்டுல எடுங்க மிராசு. ஆட்டம் இருக்காது" என்றார். என்னைப் பார்த்துக் கீழே என்கிறார்! நம் தாலுகாவே கடைமடை. ஆனால் அதற்குள் நம் வயல் வாய்க்காலின் தலைமதகை ஒட்டியது. நமக்குப் பாய்ந்த மிச்சம்தான் ஊருக்கு. மூன்று தலைமுறையாகத் தலைமடையில் இருந்துவிட்டு, கப்பலின் வயிற்றில் போய்ப் படுப்பதா? மேல்தட்டில், கப்பலின் மூக்கு நுனியில், இரண்டு படுக்கை உள்ள கேபினைக் குறித்துவைக்கச் சொல்லிவிட்டேன்.

பத்திரத்தைப் பற்றி நீ இன்னும் மனஸ்தாபமாக இருப்பதாக உன் அண்ணன் சொன்னார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, ஒரு குடும்பம் இரண்டானால்தான் நிலம் நிற்கும் என்றார் வக்கீல். அதற்காகத்தானே விவாக விடுதலைப் பத்திரம் எழுதினோம்? ஆட்சி மாறிய வாரமே கரைவேட்டி வாங்கிக் கட்டியவன் நான். சட்டம் என் கரையைப் பார்க்கவில்லை. தாசில்தார் கண்ணுக்காக ஆறு மாதம் அண்ணன் வீட்டில் இரு என்றேன். இரண்டு வருஷமாகிறது. தாசில்தாரே மாற்றலாகிப் போய்விட்டார்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
இராஜாங்கம்


குத்தாலம்
20-8-1972

திரு. இராஜாங்கம் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரைச் சொல்லாதவள் எழுதுகிறேன். ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூட அடுத்த வீட்டுக் கமருன்னிஸாதான் எனக்காகச் சொன்னாள். விடுதலைப் பத்திரம் வாங்கியவள் பெயர் சொன்னால் தோஷமில்லை என்கிறாள் அண்ணி. எழுதிப் பார்த்தேன். நன்றாகவே எழுத வருகிறது.

பத்திரம் எழுதிய அன்று எழுத்தர், "காரணம்னு ஒண்ணு போடணுமே" என்றார். நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டே, "எதையாவது போடுமய்யா. வாய்த்துடுக்குன்னு போடும்" என்றீர்கள். அதை அண்ணன் முன்னால் உரக்க வாசித்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள். ஆறு மாதம் கழித்து அழைத்துப்போக நீங்கள் வரவில்லை. புறப்பட்டு வா என்று ஒரு தபால் கார்டு வந்தது. கார்டோடு எப்படி வருவது?

கேபின் விஷயம். நெய்னா முகம்மதுவின் மனைவி லத்தீஃபாவைக் கேட்டேன். பினாங்குக்குப் பலமுறை போய்வந்தவள். "தராசு பாத்திருக்கியா அம்சம்? தட்டு ரெண்டும் ஏறி இறங்கும். நடுமுள்ளுக்கிட்ட ஆட்டம் கம்மி. கப்பலும் அப்படித்தான். இன்ஜினுக்கு நேர் மேல வேணாம். சமையல்கட்டு வாடையும் கக்கூஸ் கதவுச் சத்தமும் எட்டாத இடமாப் பாரு" என்றாள். மூக்கு நுனியில் வர என்னால் ஆகாது.

ஒரே கேபினா என்று நான் இன்னும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வாய்த்துடுக்குள்ள,
அம்சவல்லி


திருத்துறைப்பூண்டி
9-9-1972

சௌ. அம்சவல்லிக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பெயர் இருந்த முதல் வரியை மட்டும்.

நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது. நம் பண்ணையாள் முருகையன் விவசாயக் கூலிச் சங்கத்து ஆட்களோடு வரப்பில் உட்கார்ந்திருக்கிறான். என்னைக் கண்டால் மரியாதையாக எழுந்து நிற்கிறான். கூலியில் மட்டும் இறங்கமாட்டேன் என்கிறான். பக்கத்தில் உன் பேருக்கு எழுதிய பத்து ஏக்கரில் நடவு முடிந்து பச்சை கட்டிவிட்டது. கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டாயாமே. "அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஐயா பேனாவுலதான் மை இல்ல போலிருக்கு" என்று என் காதில் விழும்படி பேசுகிறான். என் வாய்க்கால் தண்ணீரிலேயே எனக்கு எதிராகச் சமாதானம் செய்துகொண்டிருக்கிறாய்.

நீ கேட்காததற்குப் பதில் எழுதுகிறேன். தை மாதம் நிலக் கேஸ் விசாரணைக்கு வருகிறது. வக்கீல் பதறிவிட்டார். "ஒரே கேபின்ல போனீங்கன்னா கப்பல் ரிஜிஸ்தரே சாட்சி சொல்லும். ரெண்டு குடும்பம் ஒண்ணாயிடும். நிலம் போயிடும்" என்கிறார். ஆகையால் நீ தனியாக ஒரு கேபின் எடுத்துக்கொள். முடிந்தவரை என் கேபினுக்கு எதிரில் எடு. இரவில் கதவைத் தாழ் போடாதே. கப்பல்வரை தாசில்தார் வரமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இராஜாங்கம்


குத்தாலம்
16-9-1972

துரைராசு அப்பாவுக்கு,

திட்டத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கென்னவோ பெயர் எழுத வரவில்லை.

தாசில்தாருக்குத் தெரியாமல் இரவில் கதவைத் திறந்து வருகிறவனுக்கு ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு அப்படி ஒருவர் வேண்டாம்.

நடுவில், கீழ்த்தட்டில், இரண்டு படுக்கை உள்ள கேபினாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் நானே கட்டிவிட்டேன். கீழ்ப்படுக்கை எனக்கு. மேல்படுக்கை காலி. வருவதானால் பகலில், பெட்டியோடு வாருங்கள். அதற்கு முன்னால் பர்சர் என்கிற கப்பல் கணக்கரிடம் போய், நான் உங்களுக்கு என்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கேபின் மாற அதுதான் முறை என்று நெய்னா முகம்மது சொல்கிறார்.

நிலத்தில் போவது போகட்டும். மிஞ்சுவது இரண்டு பேர் சாப்பிடக் காணும்.

அம்சம்


கப்பலிலிருந்து
மேல்தட்டு, முன்கேபின்
14-10-1972

அம்சம்,

அறைப் பணியாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாகப்பட்டினத்தில் படகிலிருந்து கப்பல் ஏணியில் ஏறும்போது நீ திரும்பிப் பார்த்ததாக நெய்னா முகம்மது சொன்னார். நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏறியதிலிருந்து சாப்பிடவில்லை. இந்த மூக்கு ஆகாயத்துக்குப் போகிறது, அங்கே கொஞ்சம் யோசிக்கிறது, பிறகு விழுகிறது. தலைமடையில் இருப்பவனுக்கு எல்லாம் முதலில் வந்து சேரும் என்பதில் சந்தேகமில்லை. ஒவ்வொரு அலையும் என்னை விசாரித்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போகிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டே பர்சரிடம் போனேன். "அந்தம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுப் பேனாவை நீட்டினார். எனக்குப் பின்னால் நம் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் நிற்பதுபோலத் தோன்றியது. தை மாதம் ஞாபகம் வந்தது. "தூரத்து உறவு" என்று எழுதிவிட்டேன். பர்சர் படித்துப் பார்த்து, "தூரத்து உறவையெல்லாம் பொம்பளைங்க கேபினுக்கு அனுப்ப முடியாதுங்களே" என்கிறார்.

புருஷன்தான் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார். வாயால் சொன்னால் போதும், எழுத வேண்டாம். உன் வாயைத்தான் நம்பியிருக்கிறேன்.

இராஜாங்கம்


கப்பலிலிருந்து
கீழ்த்தட்டு, நடுக்கேபின்
அதே நாள், சாயங்காலம்

திரு. இராஜாங்கம் அவர்களுக்கு,

பர்சர் இங்கே வந்திருந்தார். "அவர் எழுதினது சரிதாங்களாம்மா?" என்று கேட்டார். சரிதான் என்று சொல்லிவிட்டேன்.

மேல்படுக்கையை ரசியா பேகம் என்ற அம்மாளுக்குக் கொடுத்துவிட்டேன். பினாங்கில் மகளைப் பார்க்கப் போகிறாள். திறந்த டெக்கில் மழையில் நனைந்துகொண்டிருந்தாள். என்ன உறவு என்று எங்களையும் கேட்டார்கள். அக்கா தங்கை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். பர்சர் உடனே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

துரைராசு கேட்டால் ஒரே கப்பலில் வந்தோம் என்று சொல்லலாம். அது பொய்யில்லை.

நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் குமட்டல் நிற்கும். பாட்டிலைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இங்கே ஆட்டமே தெரியவில்லை.

அம்சவல்லி